கொறங்காட்டுக் குழி

அக்டோபர் 29, ஞாயிறு

ராயப்பனோடு ஊசிக்கல்பாளையம். கிடைத்தவை: வெள்ளைப் படிகம் நான்கு, புகை நிறப் படிகம் ஒன்று, மினுங்குகிற காக்காப்பொன் தகடு ஒரு கைப்பிடி.

இரண்டு நாள் மழை. மண் கழுவிப் போனால் கல் தானாகக் கண் சிமிட்டும். ஊருக்கு ஐப்பசியில் ஒருநாள்தான் தீபாவளி, கல் பொறுக்குகிற எங்களுக்கு மாதம் முழுக்க.

பங்கு வழக்கம்போலத்தான். ஒருவன் முதுகைக் காட்டி நிற்க வேண்டும், மற்றவன் கல்லைத் தொட்டு "இது யாருக்கு?" என்று கேட்க வேண்டும். இன்று திரும்பி நின்றவன் நான். புகை நிறப் படிகத்தை முதலில் பார்த்தவனும் நான்தான். அதைத் தொட்டுக் கேட்டபோது "உனக்கு" என்று என் வாயே சொல்லித் தொலைத்தது. ராயப்பன் சிரித்த சிரிப்பில் காட்டில் இருந்த மயிலெல்லாம் ஓடிவிட்டது. பதினொரு வருஷமாக நல்ல கல் அவன் வீட்டு அலமாரிக்குத்தான் போகிறது. எனக்கு வாய்தான் சத்துரு.

பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியாராக இருந்து இருந்து, அவனுக்கு எல்லாவற்றுக்கும் ஒரு சட்டம் வேண்டும். தோண்டின குழியை மண் தள்ளி, மிதித்து, சமமாக்காமல் தண்ணீர் பாட்டிலைத் திறக்க விடமாட்டான். "ஆடு மாடு நடக்கற எடம்டா கொழந்த. குழி மூடாத வாய்க்குத் தண்ணி எதுக்கு?" என்பான். குழந்தைவேல் என்ற என் பேரை இந்த ஐம்பத்து நாலு வயதிலும் அப்படித்தான் சுருக்குகிறான்.

திரும்பும்போது சென்னியப்பக் கவுண்டரின் கொறங்காட்டைத் தாண்டி வந்தோம். மேய்ச்சலுக்கென்றே உழாமல் விட்ட புல்காடு, சுற்றிலும் கிளுவை வேலி. வேலிக்கு உள்ளே வெங்கச்சாங்கல் என்கிற வெள்ளைக்கல் வரிசையாக ஒரு கோடு போல ஓடுகிறது. அதன் நடுவில் ஒரு சில்லு கத்திரிப்பூ நிறத்தில் மின்னியது. இரண்டு பேருமே பார்த்தோம். "கவுண்டர்கிட்டக் கேட்டுட்டு அடுத்த ஞாயித்துக்கெழம வரலாம்" என்றான். சரி என்றேன்.

நவம்பர் 2, வியாழன்

கண்ணாடிக் கடைக்கு லென்ஸ் வாங்கக் கோயமுத்தூர் போகிறேன் என்று பூங்கொடியிடம் சொன்னேன். ராயப்பனிடமும் அதையே சொன்னேன். பெண்டாட்டிக்கும் சிநேகிதனுக்கும் ஒரே பொய் சொன்னால் ஞாபகம் வைத்துக்கொள்வது சுலபம்.

ஏழு மணிக்கே கொறங்காட்டில் இறங்கினேன். ஆள் அரவம் இல்லை. மழை ஊறின மண், கடப்பாரை வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கியது. மூன்று மணிக்குக் குழி நெஞ்சளவு. அப்புறம் டொக்கென்று ஒரு சத்தம், பாறையில் ஒரு பொந்து. கையை விட்டால் உள்ளே விரல் விரலாகப் படிகங்கள்! வெளிச்சத்தில் பார்த்தேன். அதே கத்திரிப்பூ நிறம்.

ஒன்றுதான் கழன்று வந்தது. மற்றவை பாறையோடு ஒட்டியிருக்கின்றன. மண்ணைத் தள்ளினால் எல்லாம் நொறுங்கிவிடும். நல்ல உளியோடு சனிக்கிழமை இன்னொரு நடை போக வேண்டும். மேகம் கறுத்ததும் எல்லாவற்றையும் பத்திரம் செய்துவிட்டுக் கிளம்பினேன்.

வழியிலேயே பாட்டில் தண்ணீர் முழுவதையும் குடித்துவிட்டேன்.

நவம்பர் 3, வெள்ளி

நாள் முழுக்க மழை. கடைக்கு இரண்டே பேர். ஒருவருக்குக் கண்ணாடிக் காம்பு ஒட்ட வேண்டும், இன்னொருவர் மழைக்கு ஒதுங்கியவர்.

படிகத்தைப் பல் துலக்கும் பிரஷால் தேய்த்துக் கழுவினேன். என் சுண்டுவிரல் நீளம், ஆறு பட்டை, நுனி சிதையாமல் இருக்கிறது. லென்ஸ் டிராயரில் துணி சுற்றி வைத்திருக்கிறேன்.

மொட்டை மாடியில் விறகு நனைகிறதாம். கடையின் பழைய பிளெக்ஸைத் தேடினாள் பூங்கொடி. ஒரு பெண் கண்ணாடி போட்டுச் சிரிக்கிற படம் போட்டதே, அது. தெரியாது, எலி இழுத்துப் போயிருக்கும் என்றேன். "எட்டடி பிளெக்ஸ இழுத்துட்டுப் போற எலியா? அதப் புடிச்சுக் கட்டிப்போடுங்க, வண்டி இழுக்கும்" என்றாள்.

நவம்பர் 4, சனி

காலையிலும் மழை. போகவில்லை.

ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் ராயப்பன் போன் செய்தான். நாளைக்கு வர அனுமதி கேட்கக் கவுண்டர் வீட்டுக்குப் போனானாம். கொறங்காட்டு வழியாகப் போகும்போது பொம்பளைக் குரல் முனகியதாம். குழிக்குள் பாவாத்தாள் கிடந்திருக்கிறாள். கவுண்டரின் காட்டில் ஆடு மேய்க்கிறவள், நாற்பத்தைந்து வயது இருக்கும், புருஷன் இல்லை. பதினொரு மணிக்கு விழுந்தவளை நாலு மணிக்கு இவன் பார்த்திருக்கிறான். குழிக்குள் இறங்கித் தூக்கி, ஆம்புலன்ஸ் வரவழைத்து, பெரியாஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு அங்கிருந்தே பேசினான். தொடை எலும்பு முறிந்துவிட்டது.

"எவனோ தோண்டிப் போட்டுட்டுப் போயிருக்கான்டா" என்றான். நான் ஐயோ பாவம் என்றேன். அப்புறம் "கோயமுத்தூர்ல இருந்து அன்னிக்கே வந்துட்டயா?" என்று கேட்டான்.

"அன்னிக்கே வந்துட்டேன்."

"சரி" என்று வைத்துவிட்டான்.

நவம்பர் 5, ஞாயிறு

ராயப்பனிடம் காய்ச்சல் என்று சொன்னேன். காய்ச்சல் இல்லை.

நவம்பர் 6, திங்கள்

ராயப்பனைப் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். அவன் வண்டிப் பெட்டியில் சுத்தியலும் உளியும் எப்போதும் இருக்கும். கல் தேடுகிற ஆள் என்பது ஊரறிந்த விஷயம். குழி பக்கத்தில் நின்றவனும் அவன்தான். "தோண்டுனவனே தூக்கிவுட்டுட்டு நல்லபேரு வாங்கப் பாக்கறான்" என்று கவுண்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். உதவி செய்யப் போனவனுக்கு உபத்திரவம்.

அவன் தோண்டவில்லை என்பதால் அவனுக்கு ஒன்றும் ஆகாது. போலீஸ்காரர்களும் முட்டாள்கள் இல்லை.

புதிய பிளெக்ஸ் லைட்டில் ஒரு பல்பு போய்விட்டது. மாற்ற வேண்டும்.

நவம்பர் 8, புதன்

பள்ளிக்கூடத்தில் ராயப்பனை லீவில் போகச் சொல்லிவிட்டார்கள். ஸ்டேஷனில் பதினேழாம் தேதி விசாரணை. கேஸ் அவன் பேரில் பதிவானால் சஸ்பெண்ட். ஓய்வு பெற இன்னும் ஒன்றரை வருஷம்தான் இருக்கிறது அவனுக்கு.

இந்த நோட்டைப் படிக்கப் போகிறவன் நான் ஒருவன்தான். இதில் மழுப்பி யாரை ஏமாற்றப் போகிறேன்? எழுதிவிடுகிறேன். குழியை நான் நிரப்பவில்லை. ராயப்பன் ஞாயிற்றுக்கிழமை வந்தால் அவன் கண்ணில் படக்கூடாது என்று பழைய பிளெக்ஸை விரித்து மூடினேன். கடைப்பேர் தெரியக்கூடாது என்று படத்தைக் கீழ்ப்பக்கம் திருப்பினேன். நாலு மூலையிலும் கல் வைத்து, மேலே மண் தூவி, கிளுவைக் குச்சி ஒடித்துப் பரப்பினேன். திறந்து கிடந்திருந்தால் பாவாத்தாள் பார்த்து ஒதுங்கிப் போயிருப்பாள். நல்ல நிலம் போல ஜோடித்து வைத்தவன் நான்.

சனிக்கிழமை போயிருந்தால் எடுத்திருப்பேன். மழை பெய்ததற்கு நான் என்ன செய்ய?

மேலே எழுதின கடைசி வரியைப் படித்துப் பார்த்தேன். வெட்கமாக இருக்கிறது. அடிக்கவில்லை, இருக்கட்டும்.

நவம்பர் 10, வெள்ளி

ராயப்பன் கடைக்கு வந்தான். குழியில் இறங்கினபோது கண்ணாடி உடைந்துவிட்டதாம். ஆறு நாளாகக் கண்ணாடியில்லாமலே ஸ்டேஷனுக்கும் ஆஸ்பத்திரிக்கும் அலைந்திருக்கிறான்.

நாற்காலியில் உட்கார வைத்துப் பவர் பார்த்தேன். இந்தத் தொழிலில் ஒருவர் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் நம் முகம் இருக்கும். பதினொரு வருஷப் பழக்கத்தில் நான் அவனை அவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை. முழங்கையில் சிராய்ப்பு, தாடி நாலு நாள்.

"இது தெளிவா, இது தெளிவா?"

"ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு."

"நல்லாப் பாத்துச் சொல்லு."

"நீ நல்லா மாட்டு, நான் நல்லாப் பாக்கறேன்."

லென்ஸை மாற்றிக்கொண்டே, "தோண்டலைன்னு சொன்னயா?" என்று கேட்டேன்.

"சொல்லிட்டேன். அப்ப யாருங்கறாங்க."

"தெரியாதுன்னு சொல்ல வேண்டியதுதான."

"அப்புடித்தான் சொல்லிட்டிருக்கேன்" என்றான்.

கிளம்பும்போது வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தான். "புது பிளெக்ஸுல அந்தப் பொம்பள இல்ல" என்றான். அது கிழிந்துவிட்டது என்றேன். தலையை ஆட்டிவிட்டு வண்டியை எடுத்தான். எதற்குச் சொன்னான் என்று தெரியவில்லை. கண்ணாடி நாளை தயாராகும். காசு வேண்டாம் என்றதற்கு, "எதுக்கு வேண்டாம்?" என்று கேட்டு மேஜையில் வைத்துவிட்டுப் போனான்.

நவம்பர் 12, ஞாயிறு

தீபாவளி. வருஷா வருஷம் முதல் ஆளாக முறுக்குக்கு வந்து நிற்கும் ராயப்பன் வரவில்லை. பூங்கொடி டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனாள். ஆள் கொறங்காட்டில் இருந்தானாம். பாவாத்தாளின் ஆடுகளைப் பார்க்க ஆளில்லை என்று, ஒரு வாரமாக அவன்தான் மேய்க்கிறானாம். அவள் வேலை பார்த்த காட்டில் மேய்ப்பதைக் கவுண்டரும் தடுக்கவில்லை. கழுத்தில் பள்ளிக்கூட விசிலோடு நிற்கிறானாம்.

"ரெண்டு விசிலுக்கு அத்தனை ஆடும் திரும்புதுங்க" என்று சிரித்துக்கொண்டே சொன்னவள் சட்டென்று அழுதுவிட்டாள். "ஒரு பாவமும் அறியாத மனுசன். இதச் செஞ்சவனுக்குச் சோறு எப்புடித்தான் எறங்குதோ?"

நான் இலையில் உட்கார்ந்திருந்தேன். இரண்டாவது முறை சாம்பார் ஊற்றிக்கொண்டேன்.

நவம்பர் 14, செவ்வாய்

பூங்கொடி விடவில்லை. ரொட்டியும் வாழைப்பழமும் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். பாவாத்தாளுக்குத் தொடையில் கம்பி வைத்திருக்கிறார்கள். நல்ல கறுப்பு, ஒல்லியான உடம்பு, கணீரென்ற குரல். நான் யார் என்று அவளுக்குத் தெரியாது. வாத்தியாரின் சிநேகிதன் என்று பூங்கொடி சொன்னாள்.

"வாத்தியாரு தங்கமுங்க. அவரப் போயிப் புடிச்சுட்டாங்களே. நான் சொன்னா யாரு கேக்கறாங்க? உனக்கென்ன தெரியும், நீதான் குழிக்குள்ள கெடந்தியேங்கறாங்க" என்றாள்.

வலிக்கிறதா என்று கேட்டேன். வேறென்ன கேட்பது?

"வலிய வுடுங்க. அன்னிக்கு அஞ்சு மணி நேரமுங்க. எந்திரிக்கவும் முடியல, பொரளவும் முடியல. முதுகுக்கடியில கல்லு. கத்திரிப்பூக் கலர்ல, முள்ளு முள்ளா. கையில தடவித் தடவிப் பாத்தேன், ஒண்ணும் அசையல. மேல மழ. என்னோட சேந்து ஒரு பிளெக்ஸும் உள்ள வுழுந்துச்சுங்க. அதைத்தான் இழுத்துப் போத்திக்கிட்டுக் கெடந்தேன். எழுத்தப் படிக்க எனக்குத் தெரியாது, அதுல ஒரு பொம்பள, கண்ணாடி போட்டவ, என் மூஞ்சிக்கு நேரா சிரிச்சுட்டே இருந்தா. கத்திக் கத்தித் தொண்ட போச்சு. அப்புறம் அவகூடத்தான் பேசிட்டிருந்தேன். ஏந்தாயி, நீயாவது போயி யாரையாச்சும் கூட்டியான்னு..."

பூங்கொடி என்னைப் பார்க்கவில்லை. வாழைப்பழச் சீப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த பிளெக்ஸ் எங்கீங்க?" என்று கேட்டேன்.

"வாத்தியாரு சுருட்டி எடுத்துட்டுப் போனாருங்க. ஆம்புலன்சுக்காரங்க வாரதுக்கு முன்னாலயே."

பஸ்ஸில் பூங்கொடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இறங்கும்போது ஒரே வாக்கியம் பேசினாள். "எலி இழுத்துட்டுப் போயிருச்சுன்னீங்க."

நவம்பர் 15, புதன்

கடை திறக்கவில்லை.

அவனுக்கு முதல் நாளே தெரியும். போன் செய்தபோதே தெரியும். கோயமுத்தூரைப் பற்றிக் கேட்டபோது கையில் என் பிளெக்ஸ் இருந்திருக்கிறது. பார்வை ஆப்டிகல்ஸ், உரிமையாளர் மு. குழந்தைவேல், கீழே செல் நம்பர். ஸ்டேஷனில் விரித்துப் போட்டிருந்தால் ஐந்து நிமிஷத்தில் வீட்டுக்குப் போயிருப்பான்.

மத்தியானம் ஒரு யோசனை வந்தது. அவன் காட்டிக்கொடுக்க மாட்டான். பதினேழாம் தேதி விசாரணையில் சாட்சி இல்லை என்று விட்டாலும் விட்டுவிடலாம். இப்படி ஒரு யோசனை எனக்கு வந்தது என்பதையும் எழுதி வைக்கிறேன்.

நவம்பர் 16, வியாழன்

காலையில் படிகத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ராயப்பன் வீட்டுக்குப் போனேன். ஆட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். மேஜையில் படிகத்தை வைத்தேன். "ராயப்பா, அந்தக் குழி..." என்று ஆரம்பித்தேன்.

"எங்கிட்ட எதுக்குச் சொல்ற? எனக்குத்தான் தெரியுமே."

முதுகைக் காட்டித் திரும்பி நின்றான். ஒரு கணம், நான் கல்லைத் தொட்டு "இது யாருக்கு?" என்று கேட்கவேண்டுமோ என்று நினைத்துவிட்டேன், கிறுக்கன். அவன் அலமாரிக்கு மேலிருந்து பிளெக்ஸை எடுக்கத்தான் திரும்பியிருந்தான். சேறு போகக் கழுவி, மடித்து, கயிறு கட்டி வைத்திருந்தான்.

"ஏன்டா சொல்லல?" என்று நான்தான் கேட்டேன். கேட்க எனக்கு என்ன யோக்கியதை!

"நீ வந்து சொல்லுவேன்னு பாத்தேன். முதல்ல ஒரு நாள்னு நெனச்சேன். பன்னெண்டு நாளாச்சு." அவன் கத்தியிருந்தால் தேவலை. கத்தவில்லை. "அந்தக் கல்லுக்காகன்னு சொல்லிருந்தா நானே உனக்குன்னு சொல்லிருப்பேன்டா. முதுகக் காட்டிட்டு நின்னாலும் எனக்குத் தெரியும், நீ எதத் தொடறேன்னு. நல்லதெல்லாம் உனக்குன்னுதான் சொல்லிட்டு வந்தேன். போன மாசம் புகைக்கல்லு மட்டும்தான் நெஜமாவே எனக்கு வந்துச்சு. அதுக்கா இப்புடி?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. என் வீட்டு அலமாரியில் இருக்கிற நல்ல கற்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். அவனுடையதில்தான் நல்லவை என்று நான் எண்ணியிருந்தேன். ஒருநாளும் சேர்த்து வைத்துப் பார்த்ததில்லை.

படிகத்தை மறுபடி பையில் போட்டு, பிளெக்ஸைத் தோளில் போட்டுக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தேன். இன்ஸ்பெக்டர் டீ குடித்துக்கொண்டிருந்தார். சொன்னேன். நம்பவில்லை. பிளெக்ஸை விரித்ததும் நம்பினார். என் பேரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். படிகத்தைக் கவரில் போட்டு ஒட்டினார்கள். பிளெக்ஸை நாலு போட்டோ எடுத்துவிட்டு, "இத வைக்க இங்க எடம் ஏது, கூப்பிட்டாக் கொண்டு வாங்க" என்று திருப்பித் தந்தார்கள். கேஸ் என் பேரில் பதிவானது. ஜாமீனுக்குக் கையெழுத்துப் போட வந்தவள் பூங்கொடி. போட்டாள், பேசவில்லை.

அங்கிருந்து ஆஸ்பத்திரி. பாவாத்தாளிடம் சொல்வதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. கட்டில் ஓரத்தில் நின்று முழுவதும் சொன்னேன். நாலு மூலையில் கல் வைத்தது, மண் தூவினது, குச்சி பரப்பினது, எல்லாம். காறித் துப்புவாள் என்று நினைத்தேன். அவள் மேலே ஃபேனைப் பார்த்தாள்.

"அந்தப் பொம்பள யாருங்க?" என்று கேட்டாள்.

"தெரியலீங்க. அச்சடிக்கறவங்க போட்ட படம்."

"உங்க வீட்டுப் பொண்ணாக்கும்னு நெனச்சனுங்க." மறுபடியும் ஃபேனைப் பார்த்தாள். அப்புறம் என் பக்கம் திரும்பினாள். "நாளையில இருந்து வாத்தியாரு பள்ளிக்கூடம் போயிருவாரு. என் ஆட்ட யாருங்க மேய்ப்பா?"

நவம்பர் 18, சனி

ராயப்பன் மேல் விசாரணை இல்லை என்று நேற்றே சொல்லிவிட்டார்கள்.

விடிகாலையில் ஆட்டுப்பட்டிக்குப் போனேன். பட்டிக் கம்பில் விசில் தொங்கியது. சீட்டு எதுவும் இல்லை. எனக்கு ஊதத் தெரியவில்லை. மூன்று ஆடு ரோட்டைத் தாண்டிப் போய்விட்டது, பிடிக்க ஒரு மணி நேரம். கடை இனிப் பதினொரு மணிக்குத்தான்.

நவம்பர் 22, புதன்

கடைக்கு யாரும் வரவில்லை. எதிரே டீக்கடையில் என்னைக் காட்டிப் பேசுகிறார்கள். பூங்கொடி இன்று உப்பு போதுமா என்று கேட்டாள்.

நவம்பர் 26, ஞாயிறு

குழியை மூடலாம் என்று ஸ்டேஷனில் சொல்லிவிட்டார்கள். கவுண்டர் வேலிப்படலைத் திறந்துவிட்டு, "மூடீட்டு வெளிய போயிரு" என்றார்.

உள்ளே எட்டிப் பார்த்தேன். படிகங்கள் அப்படியே இருக்கின்றன, மழை கழுவி முன்னைவிட நன்றாக. அவள் கை தடவின இடம். மண்ணைத் தள்ளினேன். நொறுங்குகிற சத்தம் கேட்டது, நிறுத்தவில்லை. தள்ளி, மிதித்து, மறுபடி தள்ளி, மூன்று மணி நேரம். ராயப்பன் வருவான் என்று வேலிப் பக்கம் நாலைந்து முறை பார்த்தேன். வரவில்லை.

அங்கிருந்து பாவாத்தாள் வீட்டுக்குப் போனேன். நேற்றுத்தான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருக்கிறாள். வாசலில் கயிற்றுக் கட்டில் போட்டுப் படுத்திருந்தாள். பட்டிக்குக் கூரை ஒழுகுகிறது, அந்த பிளெக்ஸையே கொடுங்கள் என்று அவள்தான் கேட்டிருந்தாள். ஸ்டேஷனில் சொல்லிவிட்டுத்தான் கொண்டுபோனேன்.

"தண்ணி குடிச்சுட்டுக் கட்டுங்க, மூஞ்சியெல்லாம் மண்ணு" என்றாள். இருக்கட்டுமுங்க என்றேன்.

நாலு கம்பிலும் கயிறு கட்டி விரித்தேன். ஒரு மூலையைக் கட்டின பிறகுதான் கவனித்தேன், கை தானாகவே படத்தைக் கீழ்ப்பக்கம் திருப்பியிருக்கிறது. பட்டி ரோட்டை ஒட்டியிருக்கிறது. பள்ளிக்கூடம் போகிற பஸ் அந்த வழியாகத்தான் போகும். ராயப்பன் வண்டியும் அந்த வழியாகத்தான் போகும். அவிழ்த்தேன். புரட்டிப் போட்டு, ரோட்டுப் பக்கம் சரிவாக, எழுத்து மேலே தெரிகிற மாதிரி நாலு மூலையையும் இழுத்துக் கட்டினேன். பேரும் நம்பரும் ரோட்டிலிருந்தே படிக்கலாம்.

பாவாத்தாள் படுத்தபடியே சொம்பை நீட்டினாள். வாங்கிக் குடித்தேன்.